பிரஷர் குளிசை ஒன்றுக்கு மேல் எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் கிளினிக் வரிசையிலும் மருந்துக்கடைக் கவுண்டரிலும் ஒரே சந்தேகங்கள்தான் வெவ்வேறு வாயால் வருகின்றன. கேட்டவர்களின் சொல்லிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம். கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட மூன்று நான்கு குளிசைகளைவிட, கொப்பியில் ஏறாத ஒரு குளிசைதான் அதிகம் சிக்கல் கொடுக்கிறது. அளவைக் கூட்டுவதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் வைத்தியரின் வேலை. அவரிடம் எதைக் கேட்பது, எதை மறைக்காமல் சொல்வது என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

1. "ஒரு குளிசையைக் கூட்டித் தரலாம்தானே, ஏன் ரெண்டு மூண்டு வகை தாறீங்கள்?"

பிரஷர் ஒரே காரணத்தால் ஏறுவதில்லை. இரத்தக் குழாய் இறுகும், உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், சிறுநீரகம் ஒரு ஹோர்மோன் வேலையைத் தொடக்கி வைக்கும், இதயம் வேகமாக அடிக்கும். ஒரு வாசலை மூடினால் உடம்பு அடுத்த வாசலைத் திறந்துகொள்ளும். அதனால் ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினால் பலன் கொஞ்சம்தான் கூடும், பக்கவிளைவு நிறையக் கூடும். வேறு வகை மருந்தொன்றைச் சேர்த்தால், இரட்டிப்பாக்குவதில் கிடைக்கும் கூடுதல் பலனைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு கிடைக்கும் என்பது பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கணக்கு.

இலங்கையிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இங்குள்ள வைத்தியசாலை கிளினிக்குகளில் 700 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2018 இல் வெளியானது. டெல்மிசார்ட்டான் 20 மி.கி., அம்லோடிபின் 2.5 மி.கி., குளோர்தாலிடோன் 12.5 மி.கி. மூன்றையும் சிறிய அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களில் 70 வீதமானவர்களுக்குப் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழமையான சிகிச்சை எடுத்தவர்களில் அது 55 வீதம். ஆகவே கொப்பியில் இரண்டாவது பெயர் ஏறியதும் வருத்தம் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

2. "எந்தக் குளிசை என்ன செய்யுது? பேரெல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு."

பெயரின் வாலைப் பாருங்கள். 'ப்ரில்' என்று முடிந்தால் (எனலாப்ரில், கப்டோப்ரில்) அல்லது 'சார்ட்டான்' என்று முடிந்தால் (லொசார்ட்டான், டெல்மிசார்ட்டான்) அவை சிறுநீரக ஹோர்மோன் வழியை மறிப்பவை. 'டிபின்' (அம்லோடிபின், நிஃபெடிபின்) இரத்தக் குழாயைத் தளர்த்தும். 'லோல்' (அட்டெனலோல், பைசோப்ரோலோல்) இதயத் துடிப்பைக் குறைக்கும். பிராசோசினும் குழாயைத் தளர்த்துவதுதான், ஆனால் வேறு வழியால்.

சலம் போகும் குளிசைகள் தனிக் கூட்டம். கொப்பியில் எச்.சீ.ரி. என்று சுருக்கி எழுதப்படும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் ஃபுரோசமைட்டும் உப்போடு பொட்டாசியத்தையும் வெளியே தள்ளும். ஸ்பைரோனோலக்டோன் உப்பை வெளியேற்றிப் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்கும். இந்த ஒரு வித்தியாசம் கீழே பல பதில்களில் திரும்ப வரும்.

3. "அப்ப எந்தச் சோடி நல்லாச் சேரும்?"

ப்ரில் அல்லது சார்ட்டான் ஒன்று, அதோடு டிபின் ஒன்று. போதாவிட்டால் மூன்றாவதாக எச்.சீ.ரி. போன்ற சலம் போகும் குளிசை. இவை ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். டிபின் தனியே எடுத்தால் கால் வீங்கலாம், சார்ட்டான் சேர்ந்தால் அந்த வீக்கம் குறையும். எச்.சீ.ரி. பொட்டாசியத்தை இறக்கும், சார்ட்டான் ஏற்றும், இரண்டும் சேர்ந்தால் நடுவில் நிற்கும். எச்.சீ.ரி. நாளுக்கு 12.5 முதல் 25 மி.கி. வரை போதும். அதற்கு மேல் கூட்டினால் பிரஷர் அவ்வளவாக இறங்காது, உடம்பிலுள்ள சோடியமும் பொட்டாசியமும்தான் இறங்கும். வயதான அம்மாமார் இந்தக் குளிசை தொடங்கிய சில வாரத்தில் தடுமாறிப் பேசினால், காரணமில்லாமல் விழுந்தால், சோடியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

லோல் வகையை மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுவலிக்காரர், இதயம் பலவீனமானவர், துடிப்பு ஒழுங்கில்லாதவர் போன்றோருக்குத்தான் முதலில் சேர்ப்பார்கள். பொறுமையும் வேண்டும். அம்லோடிபின் முழுப் பலன் காட்ட ஒன்றிரண்டு வாரம், லொசார்ட்டான் மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். மூன்றாம் நாளே "இது சரிவராது" என்று முடிவு கட்டக்கூடாது.

4. "சேரவே கூடாதது எது?"

ப்ரிலும் சார்ட்டானும் ஒன்றாக. இரண்டும் ஒரே வழியை மறிப்பதால் இரட்டைப் பாதுகாப்பு என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 25,000 பேருக்கு மேல் கலந்துகொண்டு 2008 இல் வெளியான பெரிய ஆய்வில், டெல்மிசார்ட்டானையும் ரமிப்ரிலையும் சேர்த்து எடுத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவதும், சிறுநீரகம் பாதிக்கப்படுவதும், பொட்டாசியம் ஏறுவதும்தான் கூடின. நடைமுறையில் இந்தத் தவறு எப்படி நடக்கிறது என்றால், எனலாப்ரிலால் இருமல் வந்து வைத்தியர் லொசார்ட்டானுக்கு மாற்றுவார், வீட்டில் மிச்சமிருக்கும் எனலாப்ரிலும் டப்பாவில் அப்படியே இருக்கும். மாற்றிய அன்றே பழையதை வெளியே எடுத்துவிடுங்கள்.

லோல் வகையோடு வெரபமில் அல்லது டில்டியாசெம் (டிபினுக்கு உறவான குளிசைகள்). இரண்டு பக்கமும் இதயத்துடிப்பை அமுக்கும். நாடி 50க்குக் கீழே போய் மயங்கி விழலாம். இதய நிபுணர் தெரிந்தே கொடுத்திருந்தால் வேறு, இரண்டு வெவ்வேறு இடத்தில் தனித்தனியாக வாங்கியிருந்தால் உடனே காட்டுங்கள். அம்லோடிபினோடும் நிஃபெடிபினோடும் இந்தச் சிக்கல் இல்லை.

சார்ட்டானோடு ஸ்பைரோனோலக்டோன் சேரலாம், இரத்தப் பரிசோதனை இல்லாமல் சேரக்கூடாது. தொடங்கி அல்லது கூட்டி ஒன்று இரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் அளவு) பார்க்க வேண்டும். பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால் மருந்தை மாற்றுவார்கள். 6ஐத் தாண்டினால் அன்றைக்கே வைத்தியசாலை. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்ததுதான், பழைய அளவிலிருந்து 30 வீதத்துக்கு மேல் ஏறினால்தான் யோசிப்பார்கள்.

5. "எல்லாத்தையும் காலமையே ஒண்டாப் போட்டிடலாமோ?"

பெரும்பாலானவற்றைப் போடலாம். காலையா இரவா எது நல்லது என்று பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் வைத்துப் பார்த்து 2022 இல் வெளியிட்டார்கள். மாரடைப்பிலோ பாரிசவாதத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. உங்களுக்கு மறக்காத நேரமே நல்ல நேரம். விதிவிலக்குகள் சில உண்டு. சலம் போகும் குளிசை காலையில், இல்லாவிட்டால் இரவில் எழும்பி எழும்பி நடந்து இருட்டில் விழ நேரிடும். ஃபுரோசமைட் இரண்டு வேளை என்றால் இரண்டாவதைப் பின்னேரம் 2 மணிக்குள் முடித்துவிடுங்கள். பிராசோசினின் முதல் குளிசையைப் படுக்கைக்குப் போன பிறகே போட வேண்டும். போட்டுவிட்டு நடமாடினால் மயக்கம் வரும்.

கொப்பியில் 'மானே' என்று எழுதியிருந்தால் காலை, 'நொக்டே' என்றால் இரவு, பீ.டி. என்றால் இரண்டு வேளை, ரி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. நிஃபெடிபின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரைவதற்காகச் செய்த குளிசை. பாதியாக உடைக்கவோ அரைக்கவோ கூடாது, பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். விழுங்கக் கஷ்டமென்றால் அம்லோடிபினுக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம்.

6. "இரத்தம் எடுக்கிற நாளில வெறும் வயித்தில வரச் சொன்னவை. குளிசையும் போடாமலோ வாறது?"

பிரஷர் குளிசையை இரண்டு மிடறு தண்ணீரோடு வழமையான நேரத்தில் போட்டுவிட்டு வாருங்கள். சாப்பிடும்வரை நிறுத்தி வைக்க வேண்டியவை நீரிழிவுக் குளிசையும் சாப்பாட்டோடு போடும் இன்சுலினும். அவை சாப்பாட்டோடுதான். வெருகலிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் விடிய முதல் பஸ் ஏறி வருகிறவர்கள் சலம் போகும் குளிசையை மட்டும் வந்து சேர்ந்த பிறகு போடலாம்.

இது சின்ன விஷயமில்லை. குளிசை போடாமல் வந்தால் அளவு 170 காட்டும். வைத்தியர் மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார். அடுத்த நாள் வீட்டில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டதும் பிரஷர் இறங்கித் தலைசுற்றும். போடவில்லையென்றால் அளக்கும் தாதியிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

7. "காலமை மறந்திட்டன். பின்னேரம் ரெண்டாப் போடட்டோ?"

வேண்டாம். ஞாபகம் வந்ததும் ஒன்றைப் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். அம்லோடிபின் உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால் ஒருநாள் தவறினால் பெரிதாகத் தெரியாது. அட்டெனலோலும் குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் குளிசையும் அப்படியில்லை.

8. "கிளினிக்கிலயும் எடுக்கிறன், பிரைவேட்டிலயும் காட்டினன். ரெண்டு மருந்தும் போடலாமோ?"

முதலில் இரண்டும் ஒரே மருந்தா என்று பாருங்கள். அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது கம்பனி வைத்த பெயர். அதன் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். கிளினிக்கில் கடதாசிப் பக்கற்றில் தரும் வெள்ளைக் குளிசையும் வெளியில் வாங்கிய பளபளப்பான அட்டையும் இரண்டும் லொசார்ட்டான் 50 மி.கி. ஆக இருக்கலாம். இரண்டும் போட்டால் 100. கூட்டுக் குளிசைகளில் இன்னும் கவனம் வேண்டும். ஒரே குளிசைக்குள் லொசார்ட்டானும் எச்.சீ.ரி.யும் இருக்கும், அது தெரியாமல் தனி எச்.சீ.ரி.யும் போடுவார்கள்.

2022 மருந்துத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு குழப்பமும் பழகிப்போயிற்று. ஒரு மாதம் 50 மி.கி. கிடைக்கும், மறுமாதம் 25 மி.கி. இரண்டு போடச் சொல்வார்கள். அடுத்த முறை 50 வந்தபோதும் பழக்கதோஷத்தில் இரண்டு. மருந்து வாங்கும் ஒவ்வொரு முறையும் பக்கற்றில் எழுதிய மி.கி. அளவைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஜன்னலை விட்டு நகருங்கள். எங்கே காட்டப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். "வெள்ளைக் குளிசை, சின்னது" என்ற விவரத்தை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

9. "மருந்து தொடங்கின நாள்முதல் வறட்டு இருமல். இருமல் பாணி குடிக்கிறன், நிக்குதில்லை."

ப்ரில் வகை எடுக்கிறீர்களா பாருங்கள். அதன் இருமலுக்குப் பாணி வேலை செய்யாது. சார்ட்டானுக்கு மாற்றினால் சில வாரத்தில் நிற்கும். ஆனால் உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அது வேறு விஷயம். மருந்தை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அதன்பிறகு வாழ்நாளில் ப்ரில் வகையே எடுக்கக்கூடாது.

10. "கால் வீங்குது எண்டு கடையில லாசிக்ஸ் வாங்கிப் போட்டன். சரிதானே?"

டிபின் எடுப்பவரின் கால் வீக்கம் பெரும்பாலும் உடம்பில் நீர் கூடியதால் வருவதில்லை. தளர்ந்த குழாயிலிருந்து நீர் கணுக்காலுக்குக் கசிகிறது. லாசிக்ஸ் என்பது ஃபுரோசமைட்தான், அதைப் போட்டால் வீக்கம் அப்படியே இருக்கும், பொட்டாசியம் இறங்கும், அதற்கு இன்னொரு குளிசை தேவைப்படும். மருந்தின் விளைவுக்கு மருந்து, அதன் விளைவுக்கு இன்னொன்று என்று கொப்பி நிறைவது இப்படித்தான். சரியான வழி டிபின் அளவைக் குறைப்பது, அல்லது 3ஆம் பதிலில் சொன்னபடி சார்ட்டான் சேர்ப்பது. ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, படுக்க மூச்சு முட்டினாலோ, முகமும் வீங்கினாலோ காரணம் வேறு. அதைக் காட்டத்தான் வேண்டும்.

11. "முழங்கால் உளைவுக்கு மூண்டு நாளைக்குக் குளிசை போட்டா என்ன வரப் போகுது?"

சிக்கல் வர மூன்று நாளே போதும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனமிக் அசிட் எல்லாம் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் குளிசைகளின் பலனைக் குறைக்கும். அதைவிட மோசமானது, சார்ட்டான் அல்லது ப்ரில், சலம் போகும் குளிசை, வலிக்குளிசை மூன்றும் ஒன்றாகச் சேர்வது. சிறுநீரக வடிகட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் வாசலை வலிக்குளிசை சுருக்கும். வெளியே போகும் வாசலைச் சார்ட்டான் திறந்துவிடும். சலம் போகும் குளிசை மொத்த நீரையும் குறைக்கும். வடிகட்ட அழுத்தமே இல்லாமல் சிறுநீரகம் திடீரென்று நின்றுபோகும். கச்சான் காற்று வீசும் நாட்களில் வயலிலோ தோணியிலோ வியர்த்துவிட்டு வந்து இதைப் போட்டால் இன்னும் விரைவாக நடக்கும்.

அவற்றுக்குப் பதிலாக வலிக்குப் பரசிற்றமோல் 500 மி.கி. இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல். ஈரல் வருத்தம் உள்ளவர்களும் மிக மெலிந்தவர்களும் இதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும், அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் நுரைத்துக் கரையும் பரசிற்றமோல் வேண்டாம், ஒரு குளிசையிலேயே ஏறத்தாழ 400 மி.கி. சோடியம் இருக்கும். வலிக்குப் பூசும் ஜெல் சின்ன இடத்துக்கு மட்டுமென்றால் பரவாயில்லை. காய்ச்சலோடு உடம்பு உளைந்தால் டெங்குவாக இருக்கலாம் என்று எண்ணி வலிக்குளிசைகளின் பக்கமே போகாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் எடுப்பவர்கள் காய்ச்சல் வந்த அன்றே அதைத் தொடர்வதா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

12. "தடிமனுக்குக் கடையில தாற குளிசை பரவாயில்லையோ?"

மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபெட்ரினும் ஃபினைலெஃப்ரினும் குழாயை இறுக்கிப் பிரஷரை ஏற்றும். கூட்டுத் தடிமன் குளிசைகளில் இவை ஒளிந்திருக்கும். பிரஷர் இருக்கிறது என்று சொல்லி, இவை இல்லாததைக் கேளுங்கள். உப்புத் தண்ணீர்த் துளியும் ஆவி பிடிப்பதும் போதும்.

13. "வயித்தோட்டம், சத்தி. ஒண்டும் இறங்குதில்லை. குளிசையை விடாமப் போடட்டோ?"

இங்கேதான் ஒழுங்காக மருந்து எடுப்பவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது ப்ரில், சார்ட்டான், எச்.சீ.ரி., ஃபுரோசமைட், ஸ்பைரோனோலக்டோன் இவை சிறுநீரகத்துக்குப் பாரம். நீரிழிவுக்கு மெட்ஃபோமின் எடுத்தால் அதுவும் இந்த நேரத்தில் ஆபத்து. பொதுவாக இவற்றை நிறுத்தி வைத்து, சாப்பாடும் தண்ணீரும் வழமைக்கு வந்து 24 முதல் 48 மணித்தியாலத்தில் மீண்டும் தொடங்கச் சொல்வார்கள். ஆனால் இதயம் பலவீனமானவர்கள் தாங்களாக நிறுத்தக்கூடாது. ஆகவே நல்லாயிருக்கும்போதே அடுத்த கிளினிக் திகதியில் "சத்தி, வயிற்றோட்டம் வந்தால் எதை நிறுத்துவது" என்று கேட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். லோல் வகையைத் திடீரென்று விடக்கூடாது.

ஜீவனியைப் பக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம், அதிலுள்ள உப்புக்குப் பயந்து விட வேண்டாம். சலம் அரை நாளாகப் போகாவிட்டால், எழும்ப மயக்கம் வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள்.

14. "இளநீர் பிரஷருக்கு நல்லம் எண்டு தினமும் ரெண்டு குடிக்கிறன்."

நல்ல சிறுநீரகமும் எச்.சீ.ரி.யும் உள்ளவருக்கு நல்லதே. ஒரு பெரிய குவளை இளநீரில் ஏறத்தாழ 500 முதல் 600 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் பழுதானவர் சார்ட்டானோடு, அதைவிட ஸ்பைரோனோலக்டோனோடு, தினமும் இரண்டு குடித்தால் 4ஆம் பதிலில் சொன்ன 6ஐ நோக்கிப் போகிறார். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதும் கவனிக்க வேண்டியது. சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம்.

குறைக்க வேண்டியது சாதாரண உப்பு. நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், எல்லாம் அடங்க வேண்டும். கருவாடு, மாசிச் சம்பல், ஊறுகாய், சூப் கட்டி எல்லாம் அந்தக் கரண்டிக்குள்தான். கடற்கரை ஊரில் கருவாட்டை விடச் சொல்வது லேசில்லை. ஊறவைத்து அந்தத் தண்ணீரை இரண்டு முறை மாற்றி ஊற்றினால் கொஞ்சமாவது குறையும்.

15. "நாட்டு மருந்தும் குடிக்கிறன். ஆங்கில மருந்தோட இடிபடுமோ?"

இரண்டு பெயரைக் கவனியுங்கள். அதிமதுரம் உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை இறக்கும். எச்.சீ.ரி.யோ ஃபுரோசமைட்டோ எடுப்பவர் இருமலுக்கென்று மாதக்கணக்கில் அதிமதுரக் கஷாயம் குடித்தால் பிரஷர் ஏறும், தசை சோரும், துடிப்புத் தவறும். இன்னொன்று சர்ப்பகந்தி. அதிலிருந்து எடுத்த ரெசர்பின் ஒருகாலத்தில் ஆங்கில மருத்துவத்திலும் பிரஷர் மருந்தாக இருந்தது, அதாவது அது நிஜமாகவே வேலை செய்யும் மருந்து. லோல் வகையோடு சேர்ந்தால் நாடி மிகக் குறையும், மனச்சோர்வும் வரும். சித்த வைத்தியரிடம் கிளினிக் கொப்பியையும், கிளினிக்கில் சூரணத்தின் பெயரையும் காட்டுங்கள். இரண்டு பக்கமும் திட்டுவார்கள் என்று மறைப்பதுதான் பிழை. கறிக்குப் போடும் உள்ளி பயப்படத்தக்கதல்ல.

சிறுநீரகம் பழுதானவர்கள் காமரங்காய்ச் சாறும் பிலிம்பிச் சாறும் தொடக்கூடாது. "பிரஷர் குறையும்" என்று பக்கத்து வீட்டில் கொடுத்தாலும் சரி.

16. "நோன்பு புடிக்கிற நாளையில உம்மாட குளிசைய எப்ப குடுக்கிற? சஹருக்கா, நோன்பு தொறக்கக்குள்ளயா?"

ஒரு வேளைக் குளிசைகளை இரண்டில் ஏதாவது ஒரு நேரத்தில் தினமும் மாறாமல் கொடுக்கலாம். இரண்டு வேளையென்றால் சஹருக்கு ஒன்று, இஃப்தாருக்கு ஒன்று. மூன்று வேளை கப்டோப்ரிலோ பிராசோசினோ இருந்தால் நோன்பு தொடங்க ஒரு மாதத்துக்கு முன்பே காட்டி, ஒரு வேளை மருந்தாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

சலம் போகும் குளிசையைச் சஹருக்குக் கொடுத்தால் பகல் முழுக்கத் தாகமும் தலைசுற்றலும். நோன்பு திறந்த பிறகு கொடுப்பது நல்லது. சிறுநீரகம் பழுதானவர், ஃபுரோசமைட் கூடிய அளவில் எடுப்பவர், அண்மையில் நெஞ்சுவலி வந்தவர் வைத்தியரிடம் கேட்காமல் நோன்பு பிடிக்கக்கூடாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் உபவாசம் இருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான், அதில் தண்ணீர் குடிக்க இடமிருந்தால் குடிக்க வேண்டும்.

17. "எழும்பேக்க தலை சுத்துது. மூண்டாவது குளிசையை விடட்டோ?"

விடுவதற்கு முன் அளந்து பாருங்கள். இருந்து ஐந்து நிமிடத்தில் ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்த எண்களை வைத்தியரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் பிராசோசின் அல்லது சலம் போகும் குளிசைதான் காரணமாக இருக்கும், புரஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசினும் சேரும். கன்னியா வெந்நீரூற்றில் வாளி வாளியாக ஊற்றிவிட்டுச் சட்டென்று எழும்புகிறவர்களுக்கும் இது வரும், சூட்டில் குழாய் இன்னும் விரியும். முதலில் குந்தி இருங்கள், பிறகு எழும்புங்கள்.

18. "சீனி வருத்தமும் இருக்கு, இழுப்பும் இருக்கு. அட்டெனலோல் தந்திருக்கு."

இழுப்பு இருப்பதைச் சொன்னீர்களா? லோல் வகை மூச்சுக்குழாயை இறுக்கலாம், இழுப்புக்கு உறிஞ்சும் சல்பியூட்டமோலின் வேலையையும் குறைக்கும். மாற்றுமருந்து நிறைய உண்டு. சீனி இறங்கும்போது வரும் நெஞ்சுப் படபடப்பையும் நடுக்கத்தையும் லோல் மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. காரணமில்லாமல் குளிர வியர்த்தால் சீனியைப் பாருங்கள்.

19. "இதை எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை… அந்த விஷயத்துக்கு ஒரு குளிசை இருக்குதாமே?"

சில்டெனாஃபிலைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், வெட்கத்தைவிட ஆபத்துப் பெரியது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜீ.ரி.என்., அல்லது ஐசோசோர்பைட், நிகொராண்டில் எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது. பிரஷர் திரும்ப எடுக்க முடியாத அளவுக்கு இறங்கும். சில்டெனாஃபில் போட்டு 24 மணித்தியாலத்துக்குள், டடலாஃபில் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் நெஞ்சுவலி வந்தால், ஜீ.ரி.என். வைக்க முன் அதைச் சொல்ல வேண்டும். பிராசோசினோடும் மயக்கம் வரலாம். மற்றப் பிரஷர் குளிசைகளோடு வைத்தியர் சொன்ன அளவில் எடுக்கலாம். ஆண்மைக் குறைவுக்கே அட்டெனலோலோ எச்.சீ.ரி.யோ காரணமாக இருக்கலாம் என்பதால், கேட்டால் மருந்தை மாற்றியே தீர்வு கிடைக்கவும் கூடும்.

20. "அன்டிபயோட்டிக் ஒரு கிழமைக்குத்தானே, அதில என்ன?"

கிளாரித்ரோமைசினும் எரித்ரோமைசினும் ஈரலில் டிபின் உடைவதைத் தடுக்கும். 5 மி.கி. போட்டும் அதைவிடக் கூடப் போட்டதுபோல் ஆகும். கோட்ரைமொக்சசோல் சார்ட்டானோடோ ஸ்பைரோனோலக்டோனோடோ சேர்ந்தால் சில நாட்களிலேயே பொட்டாசியம் ஏறும். மாற்று மருந்து எப்போதும் இருக்கும், கொப்பியைக் காட்டினால் போதும்.

21. "வீட்டு மெசினில 190 காட்டுது. ஒரு நிஃபெடிபின் கூடப் போடட்டோ, நாக்குக்குக் கீழ வைக்கட்டோ?"

நாக்கின் கீழ் வைப்பதும் உடைத்துக் கொடுப்பதும் பழைய பழக்கம், கைவிடப்பட்டது. திடீரென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தம் குறைந்து பாரிசவாதமே வரலாம். முதலில் சலம் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, பேசாமல் ஐந்து நிமிடம் இருந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து அளவுங்கள். தேத்தண்ணீரோ சிகரெட்டோ அரை மணித்தியாலத்துக்குள் வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு இன்னொருமுறை.

மீண்டும் 180/120ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், ஒரு பக்கம் விறைப்பு, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், கடும் தலையிடி இவற்றில் ஒன்று இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். ஒன்றுமில்லையென்றால் அன்றைய குளிசை விட்டுப்போயிருந்தால் அதைப் போட்டு, அன்றோ மறுநாளோ வைத்தியரிடம் காட்டுங்கள். கூடுதல் குளிசை வேண்டாம்.

22. "லொசார்ட்டான் எடுக்கிற நேரம் பிள்ளை தங்கியிருக்கு."

அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். ப்ரிலும் சார்ட்டானும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மெத்தில்டோபா, நிஃபெடிபின், லபெட்டலோல் இவற்றுக்கு மாற்றுவார்கள். பிள்ளைக்கு யோசிக்கும்போதே சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

23. "இப்ப 120/80. சுகமாயிட்டுது, எல்லாத்தையும் நிப்பாட்டலாம்தானே?"

120 காட்டுவது குளிசையின் வேலை. உடம்பு மெலிந்து, உப்புக் குறைத்து, பல மாதம் நல்ல அளவே வந்தால் வைத்தியர் ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்ப்பார். அட்டெனலோலையும் குளோனிடினையும் நீங்களாக ஒரேநாளில் விட்டால் பிரஷர் முன்பைவிட மேலே துள்ளும். நெஞ்சுவலிக்காரருக்கு மாரடைப்பே வரலாம்.

24. "நாலு குளிசை போட்டும் 160க்குக் கீழ வருகுதில்லை. இனி என்ன?"

ஐந்தாவதைத் தேட முன் பழைய பதில்களுக்குத் திரும்புங்கள். நான்கையும் தினமும் போடுகிறாரா, கிளினிக் நாளில் மட்டும் போடாமல் வருகிறாரா (6)? வலிக்குளிசை, தடிமன் குளிசை, அதிமதுரம் உள்ளே போகிறதா (11, 12, 15)? உப்பு எவ்வளவு (14)? மெசின் பட்டி கைக்கு அளவானதா? தடித்த கைக்குச் சின்னப் பட்டி கட்டினால் கூட்டிக் காட்டும். 21ஆம் பதிலில் சொன்னபடி காலையும் இரவும் இரண்டிரண்டு தடவை ஏழு நாள் அளந்து, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி எடுங்கள். அது 135/85க்குக் கீழே இருந்தால் கூடியது கிளினிக்கின் பதற்றத்தில்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் இறங்காவிட்டால், சத்தமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, சிறுநீரகக் குழாய் சுருங்கியிருக்கிறதா, அட்ரினல் சுரப்பி மிகையாகச் சுரக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார். சார்ட்டான், டிபின், எச்.சீ.ரி. மூன்றுக்கும் மேல் நான்காவதாகச் சேர்ப்பதில் ஸ்பைரோனோலக்டோன் 25 முதல் 50 மி.கி. மற்றவற்றைவிட நன்றாக இறக்கியதை 2015 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதைத் தொடங்கினால், வீட்டுக்குப் போக முன்பே இரண்டு வாரத்துக்குள் ஒரு இரத்தப் பரிசோதனைத் திகதியைக் கொப்பியில் போட்டு வாங்குங்கள். அடுத்த கிளினிக் ஒரு மாதம் கழித்து என்றால் அதுவரை காத்திருக்கக்கூடாது.